புது வீட்டுக்கு என்ன கலர்? வடசென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஃபிளாட் வாங்கியவர், திருவொற்றியூரில் மாடி எடுத்தவர், வியாசர்பாடியில் வாரிய வீடு கிடைத்தவர் என்று யார் வந்தாலும் பால் காய்ச்சும் தேதி குறித்த மறுநாள் கலர் பேச்சுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பதில்கள் இந்தப் பக்கத்து வெயிலையும் உப்புக் காற்றையும் மனதில் வைத்துச் சொன்னவை.

கடையில கலர் கார்டு கொடுத்தாங்க. ஆயிரக்கணக்குல இருக்கு. பார்த்தாலே தலை சுத்துது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கார்டை மூடி பீரோ மேல் வையுங்கள். அது கடைசியில் வேண்டியது.

முதலில், வீட்டில் மாறப்போகாதது எது என்று பாருங்கள். தரை டைல்ஸ், சமையல் மேடைக் கல், கதவு, ஜன்னல் கம்பி, பாத்ரூம் டைல்ஸ், கல்யாணச் சீராக வந்த பீரோ, கட்டில். சுவரை இன்னும் ஐந்து வருஷத்தில் மாற்றிவிடலாம். தரையை யார் பெயர்க்கப்போகிறார்கள்? ஆகவே சுவர்தான் தரைக்கு அனுசரித்துப் போக வேண்டும்.

இங்கே பில்டர் போட்டுக் கொடுக்கும் டைல்ஸ் பெரும்பாலும் 'கிரீம்' என்ற பெயரில் வரும். ஆனால் ஒரு கிரீமில் மஞ்சள் ஓடும், இன்னொன்றில் ரோஸ் ஓடும், வேறொன்றில் சாம்பல். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வெள்ளை ஏ4 தாளைத் தரையில் போட்டுப் பக்கத்தில் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். மஞ்சள் ஓடுகிற தரைக்கு மேல் நீலம் கலந்த சாம்பல் சுவர் வந்தால், எவ்வளவு துடைத்தாலும் தரை அழுக்காகவே தெரியும். பல வீடுகளில் 'கலர் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏதோ இடிக்குது' என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

போன்ல நிறைய படம் சேர்த்து வச்சிருக்கேன். அப்படியே வருமா?

வராது. படத்தில் இருக்கும் ஹாலுக்கு ஆளுயர ஜன்னல் இரண்டு இருக்கும், வெளியே மரம் இருக்கும், வெளிச்சத்தைத் திருத்தியும் இருப்பார்கள். உங்கள் ஹாலுக்கு ஒரு ஜன்னல், அதற்கு மூன்றடி தள்ளி பக்கத்து வீட்டுச் சுவர்.

ஆனால் படங்களை அழித்துவிடாதீர்கள். அவற்றில் கலரைப் பார்க்காமல் அளவைப் பாருங்கள். கருத்த நிறம் எவ்வளவு, எங்கே இருக்கிறது? சோபாவிலா, திரைச்சீலையிலா, ஒரே ஒரு சுவரிலா? பிடித்த படங்களை வரிசையாகப் பார்த்தால் உங்கள் மனசு எதற்கு இழுக்கிறது என்பது தெரியும். மரத்தின் பழுப்புதான் உங்களுக்குப் பிடித்தது, சுவரின் பச்சை இல்லை என்று கண்டுபிடித்தவர்கள் உண்டு. அவர்களுக்குத் தேவைப்பட்டது பெயின்ட் இல்லை, ஒரு மர ஷெல்ஃப்.

அப்போ வேற எங்க போய்ப் பார்க்கிறது? நம்ம ஏரியால என்ன இருக்கு?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். சென்னையிலேயே கலருக்குப் பஞ்சமில்லாத பக்கம் இது.

விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போங்கள். மீன் வாங்கத்தான் போவீர்கள், போகிற போக்கில் கூடையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சங்கரா மீனின் முதுகில் இருக்கும் அந்த இளஞ்சிவப்பு வயிற்றுக்கு இறங்க இறங்க வெள்ளியாக மாறும். படுக்கை அறைக்கு அதுவே போதும்: சுவருக்கு அந்த வெளிறிய ரோஸ், திரைச்சீலைக்கு வெள்ளிச் சாம்பல். வஞ்சிரத்தின் முதுகு நீலம் கலந்த எஃகு நிறம், பக்கவாட்டில் பளபளப்பு. ஸ்டீல் பீரோவும் அலுமினிய ஜன்னலும் இருக்கிற அறைக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை. நீலக்கால் நண்டை யாரும் கலருக்காகப் பார்த்திருக்க மாட்டார்கள். நீலமும் பச்சையும் கலந்து நடுநடுவே வெள்ளைப் புள்ளி, காலின் நுனியில் ஊதா. பூஜை அறைக்கு ஆகாது, குழந்தைகள் அறைக்கு அள்ளிக்கொண்டு போகலாம்.

அப்படியே படகுகளையும் பாருங்கள். புதிதாக அடித்த நீலத்தைவிட, இரண்டு மூன்று வெயில் காலம் பார்த்து வெளிறிப்போன நீலம்தான் வீட்டுக்கு ஏற்றது. அந்த நிறத்தில் கொஞ்சம் சாம்பல் ஏறியிருக்கும். சாம்பல் ஏறிய எந்த நிறமும் சுவரில் உட்கார்ந்தால் கண்ணை உறுத்தாது.

பழைய கட்டடங்களில் ஆர்வம் உள்ளவர்கள் சென்ட்ரல் பக்கம் போகலாம். 1873-ல் வந்த ரயில் நிலையம், 1892-ல் திறந்த உயர்நீதிமன்றம் இரண்டும் சிவப்பு. சென்ட்ரலில் செங்கல் சிவப்புக்கு இடையிடையே வெள்ளைப் பட்டை ஓடும். அத்தனை பெரிய சிவப்பு ஏன் கண்ணைக் குத்தவில்லை என்றால் அந்த வெள்ளைதான் காரணம். பக்கத்திலேயே 1913-ல் கட்டிய ரிப்பன் மாளிகை முழு வெள்ளை. மூன்றையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். வீட்டில் ஒரு சுவருக்குச் செங்காவி அடிக்க ஆசை இருந்தால், சுற்றி வெள்ளை எவ்வளவு வேண்டும் என்பதற்கு சென்ட்ரல்தான் வாத்தியார்.

பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு ஐ.சி.எஃப். இருக்கிறது. 1955-லிருந்து ரயில் பெட்டி செய்கிற இடம். பழைய பெட்டிகளின் காவிச் சிவப்பு, பிறகு வந்த நீலம் இரண்டும் அந்த ஏரியாக்காரர்களுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஐ.சி.எஃப். குடும்பம் ஒன்று பால்கனிக் கம்பிக்கு அந்த நீலத்தையே அடித்திருக்கிறார்கள். தாத்தா, அப்பா இருவரும் அங்கே வேலை பார்த்தவர்கள். அதற்கு மேல் விளக்கம் எதற்கு?

வீட்டின் வெளிப்பக்கத்துக்கு யோசனை வேண்டுமானால் மெட்ரோ ஏறுங்கள். 2021-ல் விம்கோ நகர் வரை வந்த பாதை சுங்கச்சாவடிக்கு அப்பால் மேலே ஓடுகிறது. ஜன்னல் ஓரம் நின்றால் காலடிப்பேட்டை, தேரடி என்று வரிசையாக வீடுகளின் முன்பக்கமும் மொட்டை மாடியும் தெரியும். எந்த நிறம் மழையில் கறுத்துப் போயிருக்கிறது, எது நிற்கிறது என்று ஒரு டிக்கெட் காசில் பார்த்துவிடலாம். கலர் கார்டு இதைச் சொல்லாது.

பார்த்த கலரை போட்டோ எடுத்தால் கடைக்காரர் மேட்ச் பண்ணித் தருவாரா?

எடுக்கும்போது நேர் வெயிலில் எடுக்காமல் நிழலில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளும் விழட்டும், படத்தில் அது மஞ்சளாகத் தெரிந்தால் மற்ற நிறமும் அவ்வளவு மஞ்சள் ஏறியிருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். போட்டோவைவிடப் பொருளே மேல். துணித்துண்டோ டைல்ஸ் சில்லோ கையில் இருந்தால் கடையில் கார்டோடு வைத்துப் பார்த்துவிடலாம்.

கல்யாணப் பட்டுச் சேலையை வச்சு வீட்டுக் கலர் எடுக்கலாமா? சிரிக்காதீங்க.

சிரிக்க என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்த வழிகளிலேயே சுலபமானது இது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு சேலை எடுக்க எத்தனை கடை ஏறுகிறோம், எத்தனை மடிப்பைப் பிரிக்கச் சொல்கிறோம்! அந்தக் கண் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, சுவர் என்று வந்ததும் மறந்துபோகிறோம்.

ஒரு சேலையில் உடல் நிறம் பெரும்பகுதி. கரை அதைவிடக் குறைவு, ஆனால் அழுத்தம். முந்தானையில்தான் விளையாட்டு. வீட்டிலும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள்: உடல் நிறம் சுவருக்கு, கரை நிறம் கதவு, திரைச்சீலை, கட்டில் விரிப்புக்கு, முந்தானை நிறம் தலையணை உறை, ஒரு படச்சட்டம், ஒரு பூச்சாடிக்கு. நெய்தவர் ஏற்கெனவே பொருத்தம் பார்த்துவிட்டார், நமக்கு மிச்சம் குறைவு.

இன்னொரு வசதி, வீட்டில் எல்லோருக்கும் இந்த நிறங்களின் பெயர் தெரியும். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அரக்கு, மயில் கழுத்து, வெங்காயத்தோல், வாடாமல்லி, பாக்கு நிறம், எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் வந்த எம்.எஸ். ப்ளூ. பாட்டியிடம் கார்டில் இருக்கும் கம்பெனிப் பெயரைச் சொன்னால் விழிப்பார். 'வெங்காயத்தோல், ஆனா இன்னும் வெளிறினாப்ல' என்றால் 'அதுக்கென்ன, அடி' என்பார்.

எச்சரிக்கை ஒன்று. பட்டு மின்னும், சுவர் மின்னாது. அதோடு நாலு சுவரும் ஒன்றன் மேல் ஒன்று வெளிச்சத்தை வீசிக்கொள்வதால், கையகலக் கார்டில் பார்த்த நிறம் அறை முழுக்க வரும்போது அழுத்தம் கூடிவிடும். சேலையில் பிடித்த நிறத்தை கார்டில் கண்டுபிடித்து, அதே வரிசையில் இரண்டு படி வெளிறியதை எடுங்கள். அரக்கு மாதிரி அடர்ந்த நிறத்தைச் சுவருக்கே கொண்டுபோகாதீர்கள், கதவில் நிற்கட்டும்.

எங்க ஹால் வடக்குப் பார்த்தது. வடக்கு அறைக்கு சூடான கலர்தான் அடிக்கணும்னு படிச்சேன். சரியா?

அது குளிர் நாட்டுக்காரர்களுக்கு எழுதியது. அங்கே வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் வெயில் எட்டிப் பார்க்காது. சென்னை பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ 13 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் தலைக்கு நேர் மேலே வரும் சூரியன், அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கும். அதாவது கத்திரி வெயிலில் உங்கள் வடக்கு ஜன்னலுக்கும் பங்கு உண்டு. டிசம்பரில் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் நீண்டு விழும். ஆகவே திசையை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

இங்கே திசையைவிட முக்கியம், ஜன்னலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்பது. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் வெளிச்சம் நேராக வருவதில்லை, எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பித்தான் வருகிறது. அந்தச் சுவர் பச்சை என்றால் உங்கள் வெள்ளையில் பச்சை ஏறும். எதிர்வீட்டுக்காரர் ரோஸ் அடித்த வாரத்தில் 'என் ஹால் கலரே மாறிப்போச்சு' என்று ஒருவர் அலறினார். அவர் வீட்டில் எதுவும் மாறவில்லை. கொஞ்சம் மஞ்சளோ பழுப்போ கலந்த வெளிர் நிறம் இந்த மாதிரி இரவல் நிறங்களைத் தாங்கும். பளீர் வெள்ளை தாங்காது.

காசிமேடு, திருவொற்றியூர்க் கரையோரம் கிழக்குப் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு வேறு பிரச்சினை. காலையில் வெளிச்சம் கொட்டும், மூன்று மணிக்கு மேல் அறை மங்கிவிடும். நீங்கள் வீட்டில் இருப்பது எப்போது என்று பாருங்கள். மாலையில்தான் எல்லோரும் கூடுகிறோம் என்றால், மாலை மங்கலில் நன்றாகத் தெரியும் நிறத்தை எடுங்கள்.

பகல்ல பார்த்தா சந்தனம், ராத்திரி பார்த்தா சுண்ணாம்பு. ஏன்?

டியூப் லைட். நம் வீடுகளில் மாட்டுகிற வெள்ளை விளக்குகள் பெரும்பாலும் 6500 கெல்வின், நீலம் சாய்ந்த வெள்ளை. அது மஞ்சளையும் சந்தனத்தையும் வெளுக்கவைக்கும், சாம்பல் நிறத்தை ஆஸ்பத்திரி ஆக்கும். அட்டைப்பெட்டியில் எண் அச்சிட்டிருக்கும், 2700 அல்லது 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம், 4000 என்றால் நடுத்தரம். ஹாலுக்கு 4000 எனக்குப் பிடித்தது. சுவரை மாற்றும் முன் ஒரு பல்பை மாற்றிப் பாருங்கள். சில நேரம் வேலை அதோடு முடிந்துவிடும்.

பேசாம எல்லா இடத்துலயும் வெள்ளை அடிச்சுட்டா?

சீலிங்குக்கு வெள்ளை, சந்தேகமே வேண்டாம். சுவருக்கு என்றால், ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு வாரம் கழித்து ஜன்னல் கட்டையில் விரலை வைத்துப் பாருங்கள்.

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் ராயபுரத்துச் சுவர்கள் எப்படி இருந்தன என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உயர்நீதிமன்ற உத்தரவால் 2011-ல் அது எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ஆனாலும் கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டோரத்திலும், மணலி, எண்ணூர் பக்கத்திலும் தூசு தூசுதான். அங்கே சுத்த வெள்ளை வேண்டாம். துளி சாம்பலோ துளி பழுப்போ கலந்த வெள்ளை எடுங்கள், படிகிற தூசு அதே குடும்பத்து நிறம் என்பதால் சீக்கிரம் காட்டிக்கொடுக்காது. கழுவித் துடைக்கக்கூடிய எமல்ஷனாக இருக்கட்டும். டிஸ்டெம்பர் மலிவுதான், ஆனால் ஈரத்துணி பட்டால் துணியோடு வந்துவிடும்.

வெளிச்சம் குறைந்த வீட்டுக்கு ஒரு உதவி: பெயின்ட் கம்பெனிகள் சில, ஒவ்வொரு நிறத்துக்கும் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் தருகின்றன. விழும் வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பித் தரும் என்பது அது. 0 கறுப்பு, 100 வெள்ளை. சந்து வீடுகளுக்கு நான் 65-க்குக் கீழே இறங்குவதில்லை.

உப்புக் காத்து, ஓதம் எல்லாம் இருக்கு. கலர் நிக்குமா?

நிறம் பிறகு, முதலில் சுவர் காயட்டும். புதுப் பூச்சில் சிமென்ட்டின் காரம் இருக்கும், உள்ளே தண்ணீரும் இருக்கும். அந்த ஈரம் வெளியே வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வந்து சுவரில் வெள்ளையாகப் பூக்கும். மேலே அடித்த பெயின்ட் பொருக்குப் பொருக்காக எழும்பும். கிரகப்பிரவேசத் தேதிக்காக அவசரப்படுத்தும் வீடுகளில் இது தவறாமல் நடக்கும். தண்ணீர் விட்டு ஆறவைத்த பூச்சு குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம் காய வேண்டும். நாள் நெருங்கிவிட்டதா? பிரைமரும் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட்டும் அடித்துப் பால் காய்ச்சுங்கள், கடைசிக் கோட்டைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அப்போது வெளிச்சுவரைத் தொடாதீர்கள். பொங்கலுக்கு முன்னால் ஊரே வெள்ளையடிக்கும், பெயின்டர் கிடைக்க மாட்டார், சுவரும் மழை குடித்து இருக்கும். பிப்ரவரிக்குப் பிறகு சுவரும் காய்ந்திருக்கும், பெயின்டரும் போனை எடுப்பார்.

தரைத்தளத்தில் சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறுகிற வீடுகளில் அங்கே கருநீலம், கரும்பச்சை, அரக்கு வேண்டாம். வெள்ளை உப்பு பூத்தால் அதன் மேல் தனியாகத் தெரியும். வெளிர் நிறம் மறைத்துக்கொள்ளும். ஓதத்தை பெயின்ட் குணப்படுத்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழாய்க் கசிவா, தரையிலிருந்து ஏறுவதா என்று மேஸ்திரியை வைத்துப் பாருங்கள்.

ஜன்னல் கம்பி, கேட் இவற்றுக்கு துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் எனாமல். கடற்கரையோரத்தில் வெள்ளைக் கம்பி அழகு, ஆனால் முதல் துரு வடிந்ததும் அழுகை. பழுப்பு, கருஞ்சாம்பல் நல்லது.

400 சதுர அடி வாரிய வீடு. ஹால், ஒரு ரூம், கிச்சன். பெரிசா தெரியணும்.

ஒவ்வொரு அறைக்கும் ஒரு கலர் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். கண் ஒவ்வொரு வாசற்படியிலும் தடுக்கி நிற்கும், வீடு துண்டு துண்டாகத் தெரியும். வீடு முழுக்க ஒரே வெளிர் நிறம் ஓடட்டும். கதவையும் நிலையையும் சுவர் நிறத்துக்கு நெருக்கமாக அடித்தால் சுவர் நீண்டுகொண்டே போகிற மாதிரி இருக்கும்.

நிறமே வேண்டாமா என்றால், வேண்டும். வாசலில் நின்றால் நேர் எதிரே கடைசியாகத் தெரியும் சுவர் எதுவோ அதற்கு மட்டும் ஒரு அழுத்தமான நிறம். கண் அதுவரை ஓடிப்போய் நிற்கும். பக்கச் சுவருக்கு அடித்தால் ஹால் இன்னும் ஒடுங்கும்.

பழைய வீடுகளில் இடுப்பு உயரம் வரை ஆயில் பெயின்ட் அடித்து, மேலே வெளிர் நிறம் விடுவார்கள். இப்போது அதைப் பழைய ஸ்டைல் என்கிறார்கள். குழந்தைகள் கை, சைக்கிள் ஹேண்டில், தண்ணீர்க் குடம் எல்லாம் உரசும் நடைபாதையில் அதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு கிடையாது. கீழே கொஞ்சம் அடர்த்தி, மேலே அதே நிறத்தில் வெளிறியது, நடுவில் கோடு வேண்டாம். பொது மாடிப்படிக்கும் இதையே பரிந்துரைப்பேன்.

மாமியார் மஞ்சள்தான்னு சொல்றாங்க. எனக்கு கிரே பிடிக்குது. என்ன பண்றது?

இரண்டும் சேரும். மஞ்சளைக் கொஞ்சம் கடுகுப் பக்கம் தள்ளி, சாம்பலை மண் பக்கம் தள்ளினால் சண்டை போடாது. பூஜை மாடமும் வாசக்கால் சுவரும் அத்தையுடையதாக இருக்கட்டும், படுக்கை அறை உங்களுடையது. ஹாலில் இருவருக்கும் பொதுவாக வெண்பழுப்பு. கார்டை அவர் கையில் கொடுத்து 'எந்த மஞ்சள் அத்தை?' என்று கேளுங்கள். பல நேரம் அவர் விரல் வைப்பது நீங்கள் பயந்த எலுமிச்சை மஞ்சளாக இருக்காது, சந்தனமாக இருக்கும்.

வாஸ்துப்படி கலர்?

நம்புகிறவர்கள் பார்க்கட்டும். வாஸ்துக்காரர் 'பச்சை' என்றுதான் சொல்வார், எந்தப் பச்சை என்று சொல்ல மாட்டார். மிச்சம் உங்கள் கையில்.

வெளிச்சுவருக்கு ஒரு கலர் அடிச்சா, எந்தக் கட்சின்னு கேக்குறாங்களே?

வடசென்னையில் இது நியாயமான பயம். ஒரு நிறத்தால் யாரும் முத்திரை குத்த மாட்டார்கள், ஜோடியால்தான் குத்துவார்கள். கறுப்பையும் சிவப்பையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பட்டை அடித்துவிட்டு எனக்கு அரசியல் தெரியாது என்று சொல்ல முடியாது. சிவப்பு பிடித்தால் சாம்பலோடு சேருங்கள், பச்சை பிடித்தால் வெண்பழுப்போடு. தேர்தல் நேரத்தில் காம்பவுண்டு சுவரை யாரும் கேட்காமல் எழுதிவிட்டுப் போவதற்கு நிறத்தில் மருந்து இல்லை.

குழந்தைங்க ரூமுக்கு?

நிறத்தைவிட டப்பாவைப் பாருங்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது, 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. டப்பாவில் ஈய அளவு பற்றிய வரி இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். பழைய வீடு வாங்கியவர்கள் கதவு, ஜன்னலில் இருக்கும் பழைய எனாமலை ஈரமில்லாமல் அப்படியே சுரண்ட வேண்டாம். ஈரப்படுத்தித் தேய்க்கச் சொல்லி, குழந்தைகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள்.

நிறம் அவர்களே சொல்லட்டும். ஒரு சுவர், அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் மாற்றச் சொல்வார்கள்.

மேல் மாடி. வெயில்ல கொதிக்குது. கலரால குறையுமா?

அறைக்குள் அடிக்கும் நிறத்தால் குறையாது. மொட்டை மாடித் தரைக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ வெள்ளை டைல்ஸோ போட்டால் குறையும். மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்தை வெளிர் நிறமாக வையுங்கள், அடர் நிறம் வெயிலைக் குடித்து ராத்திரி அறைக்குள் விடும்.

வாடகை வீடு. சுவரைத் தொடக்கூடாதுன்னு ஓனர் சொல்லிட்டார்.

அவர் அடித்த நிறத்தைத் தரையைப் போல மாறாத ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். திரைச்சீலை, விரிப்பு, பல்பு இந்த மூன்றிலேயே பாதி வீடு மாறும். எம்.சி. ரோட்டில் மீட்டர் கணக்கில் துணி எடுத்துத் தெருமுனை டெய்லரிடம் தைத்தால், ரெடிமேட் திரையைவிடச் செலவும் குறையும், அளவும் சரியாக இருக்கும்.

சாம்பிள் எப்படிப் பார்க்கிறது? எத்தனை லிட்டர் வாங்கணும்?

சுவரில் நேராக அடித்துப் பார்க்காதீர்கள், பழைய நிறம் பக்கத்தில் நின்று ஏமாற்றும். இரண்டடிக்கு இரண்டடி அட்டையிலோ பிளைவுட்டிலோ பிரைமரோடு இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரிந்து, காய்ந்ததும் கொஞ்சம் அடர்த்தியாகும். அந்த அட்டையைத் தரையை ஒட்டி, ஜன்னல் பக்கம், இருட்டு மூலை என்று காலை, மூன்று மணி, ராத்திரி டியூப் லைட்டில் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். மூன்று நிறத்துக்கு மேல் சாம்பிள் வேண்டாம், வீட்டில் ஓட்டெடுப்பு நடக்கும்.

பட்டி (மேடுபள்ளம் நிரவும் பூச்சு) பார்த்த சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 முதல் 140 சதுர அடி என்று கணக்குப் போடலாம். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் நாலு சுவர் 400 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் 350, ஏறத்தாழ மூன்று லிட்டர். டப்பாவின் மேல் கம்பெனி போட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு அறைக்கு வேண்டியதை ஒரே நாளில் வாங்குங்கள். மெஷினில் கலக்கினாலும் வெவ்வேறு நாள் கலக்கியதில் மயிரிழை வித்தியாசம் வரும். இரண்டு மூன்று டப்பா இருந்தால் பெரிய பக்கெட்டில் ஒன்றாக ஊற்றிக் கலந்து அடிக்கச் சொல்லுங்கள். பெயின்டர் 'அதெல்லாம் ஒண்ணும் வராது சார்' என்பார். வரும்.

மிச்சமான பெயின்ட்?

டப்பாவின் மூடியில் ஒட்டியிருக்கும் ஷேடு நம்பரையும், எந்த பேஸ் (நிறம் கலக்க எடுத்த அடிப்படை பெயின்ட்) என்பதையும் போட்டோ எடுத்து வையுங்கள். அரை லிட்டரை காற்றுப் புகாத பாட்டிலில் ஊற்றி, அறைப் பெயரும் தேதியும் எழுதி, வெயில் படாத லாஃப்டில் வையுங்கள். ஆணி அடித்த ஓட்டை, சோபா உரசிய இடம் இவற்றுக்குப் பிறகு தேவைப்படும். அதற்கு மேல் மீந்தால் கீழ் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள், மாடிப்படிக்கு வேண்டும் என்பார். சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள், எண்ணூர்க் கழிமுகம் ஏற்கெனவே போதுமான அளவு பார்த்துவிட்டது.